இருந்த இடத்திலேயே இரு

ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவனுக்கு வருடத்தில் இரண்டு பரீட்சை. ஒன்று பறக்கிறவனுக்கு, இன்னொன்று சிப்பாய்க்கு. முதலாவதில் மெஷினை மேலே கொண்டுபோய், இன்ஜின் நின்றுவிட்டதாகப் பாவித்துக்கொண்டு, பத்திரமாகக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும். இறங்கிய பிறகு ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து வாய்மொழிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதில் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், சுட வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் அந்த வருடம் மனிதன்.

நான் காலாட்படையில் சேர்ந்தவன். சில வருடம் நடந்தேன், பிறகு பறக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் எங்கள் பிரிவில் பறந்துகொண்டே இருக்க விடமாட்டார்கள். சிப்பாய் என்பது மறந்துவிடுமாம். நடுவில் பட்டாலியனுக்குத் திருப்பி அனுப்பி ஆட்களை நடத்தச் சொல்வார்கள். அங்கே மேட்டில் ஏறும்போது என் மூச்சு வாங்குவதைப் பார்த்து என் பையன்களே 'டிரைவர் சாப்' என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சரி, உடம்பைத் தேற்றிக்கொண்டு, நடையும் ஓட்டமும் பழகி மறுபடி காக்பிட்டுக்கு வந்தால் கை மரத்துப்போயிருக்கும். தரைக்கு மேலே ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டிய மெஷின் தூளி மாதிரி ஆடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். எனக்கு இதில் எப்போதுமே எரிச்சல்தான். ஒரு ஆளை இரண்டாக வெட்டி இரண்டு பக்கமும் வேலை வாங்குகிற ஏற்பாடு என்று யாரிடமாவது புலம்பிக்கொண்டே இருப்பேன்.

அண்ணன் மட்டும் இதை ரசிப்பார். "மேல போனா ஏரோப்ளேன், கீழ வந்தா நடராஜா சர்வீஸ்" என்பார்.

இரண்டு இடத்திலும் முதல் வாரத்திலேயே ஒரு பாடம் உண்டு. காலாட்படையில் சொல்வார்கள்: தாழ்ந்த நிலத்தில் நிற்காதே, ஆபத்து வரும் என்று தோன்றினால் உடனே நகர். பறக்கிற இடத்தில் சொல்வார்கள்: மெஷின் விழுந்து நீ உயிரோடு இருந்தால் அதை விட்டு எங்கேயும் போகாதே. தேடி வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். இருந்த இடத்திலேயே இரு. இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி மண்டைக்குள் ஏற்றிவிடுவார்கள். எது எப்போது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவே ஒரு ஓடை. மழைக்கு மலைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏரிக்கு இறங்கும். மற்ற நாட்களில் செருப்பைக் கழற்றாமல் தாண்டிவிடலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை, கிணறு, மேலே கான்கிரீட் தளம் போட்ட மோட்டார் கொட்டாய். அப்பா அம்மா போன பிறகு அண்ணனும் அண்ணியும்தான் அங்கே. குழந்தை இல்லை. நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுவார்கள். பௌர்ணமிக்குப் பாதையோரத் துண்டு நிலத்தில் வெளியூர்க்காரர்களின் வண்டிகளை நிறுத்த விடுவார் அண்ணன். வண்டி நிறுத்த வருகிற ஒவ்வொருவரிடமும் என் தம்பி ஹெலிகாப்டர் ஓட்டுகிறான் என்று சொல்லிவிடுவார். அவர்கள் அவசரமாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கப் போவார்கள். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அந்த வருடம் இரண்டு பரீட்சையும் அடுத்தடுத்து வரவிருந்தன. தயாராவதற்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மனைவிக்கு முகாம் இருந்த ஊரிலேயே வேலை, வரவில்லை. காலையில் கிரிவலப் பாதையில் ஓடுவேன். பிறகு மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையில் ஒரு கழி, முழங்கால்களுக்கு நடுவே ஒரு கழி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இன்ஜின் கிளப்புவதிலிருந்து இறக்குவது வரை ஒவ்வொரு செயலையும் வாயால் சொல்லிச் செய்வேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது இது. மெஷின் கிடைக்காத நாட்களில் நாற்காலியில்தான் பறப்போம்.

அண்ணன் காபியோடு மேலே வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"எங்கடா போயிக்கினு இருக்க?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

"என்னையும் ஒரு தடவ உன் வண்டியில ஏத்திக்கினு மலையச் சுத்தி வாடா. எனக்கும் முட்டி வலிக்குது. புண்ணியம் கம்மியானாலும் பரவால்ல."

அதெல்லாம் அரசாங்க மெஷின், அப்படி ஏற்ற முடியாது என்று ஒவ்வொரு தடவையும் விளக்குவேன். தெரியும் என்று சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப்போவார்.

அப்புறம் அந்த மழை வந்தது. கடலில் எங்கேயோ புயல், மழை இங்கே. விடாமல் பெய்தது. மலை இருக்கிற இடமே தெரியவில்லை. ஏரி நிரம்பி வழிந்து கோடி போய்க்கொண்டிருந்தது. ஒரு விடியற்காலையில் அண்ணன் ஒன்றும் சாப்பிடாமல், சர்க்கரை மாத்திரைகூடப் போடாமல், மாடுகளை அவிழ்த்துவிட ஓடையைத் தாண்டிப் போனார். போகும்போது தண்ணீர் முழங்காலுக்கும் கீழே என்று அண்ணி பிறகு சொன்னார். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.

போன் அடித்துத்தான் எழுந்தேன்.

"மாட்ட அவுத்து உட்டுட்டேன்டா. அதுங்க நீஞ்சி வந்துடும். இங்க ஓடை இடுப்புக்கு வந்துடுச்சி. ஏறிக்கினே கீது. நானும் எறங்கி வந்துடட்டுமா?"

யோசிக்காமல் பதில் சொன்னேன் என்று சொல்ல முடியாது. யோசித்தேன். மலைத்தண்ணீர் இழுக்கும். அவருக்கு முட்டி வலி, வெறும் வயிறு. மோட்டார் கொட்டாய் கான்கிரீட், மேலே ஏறிக்கொள்ளலாம். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் அந்தக் காரணங்களுக்கு முன்னாலேயே வாயில் பதில் தயாராக நின்றுகொண்டிருந்தது என்பதும் நிஜம்.

"வேணாம்ணா. இருந்த இடத்துலயே இரு. கொட்டாய் மேல ஏறிக்கோ. நகராத. நான் ஏற்பாடு பண்றேன்."

"உன் வண்டி வருமா?"

"வரும்."

"சரி. ஆபீசர் சொன்னா கேக்கணும்" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மாடுகள் வந்துவிட்டன. சொட்டச் சொட்ட வாசலில் நின்று கத்தின. அண்ணி அவற்றைக் கட்டிவிட்டு ஓடை இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். மாவட்டம் முழுக்கத் தண்ணீர். தீயணைப்பு வண்டிகள் எல்லாம் வெளியே இருந்தன, எங்கள் ஊருக்கு வருகிற ரோடு அறுந்துபோயிருந்தது. ஹெலிகாப்டருக்குக் கேட்டிருக்கிறோம், வானம் தெளிந்தால் வரும் என்றார். எந்தத் தளத்திலிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். அங்கே தயார் நிலையில் இருந்தவன் என்னோடு பறக்கக் கற்றவன். அவனைக் கூப்பிட்டேன். அனுமதி கையில் இருக்கிறது, இன்ஜின் கிளப்ப வேண்டியதுதான் பாக்கி என்றான். பிறகு தொழில்காரன் தொழில்காரனிடம் கேட்கிற கேள்விகளைக் கேட்டான். மேகம் எவ்வளவு உயரத்தில்? எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது? காற்று எந்தப் பக்கம்? மின்கம்பி உண்டா? மரம் உண்டா?

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. இவை எனக்குத் தெரிந்த கேள்விகள். விடுவிடென்று மாடி ஏறினேன்.

மேகத்தின் உயரத்தை அளக்க எங்கள் ஊரில் கருவி வேண்டாம். மலை இருக்கிறது. எந்தப் பாறை வரை தெரிகிறது என்று பார்த்தால் போதும். பாதி மலை தெரிந்தால் கிளம்பலாம் என்று அவனும் நானும் முடிவு செய்தோம். அடிவாரத்து மரங்கள் மட்டும் தெரிந்தன. போட்டோ எடுத்து அனுப்பினேன். சற்று நேரம் கழித்துக் கொஞ்சம் மேலே பாறைகள் தெரிந்தன. அதையும் அனுப்பினேன். காற்றின் திசையை வாழைத் தோப்பைப் பார்த்துக் கணித்தேன். மின்கம்பி எங்கே போகிறது, தென்னைகள் எத்தனை உயரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் கயிறு இறக்கித் தூக்கலாம் என்று அவனுக்கு ஒரு படமே வரைந்து அனுப்பினேன். இவ்வளவு சுத்தமாக நான் எந்தப் பரீட்சையிலும் செய்ததில்லை.

நடுவில் அண்ணன் கூப்பிட்டார். கொட்டாய்த் தளத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். மாடியிலிருந்து எனக்கும் அந்த நீலம் தெரிந்தது.

"அண்ணா, அந்தத் தார்ப்பாயைத் தூக்கித் தண்ணியில போட்டுடு."

"ஏன்டா? மழ ஜாஸ்தியா கீது."

"வண்டி வரும்போது காத்து அடிக்கும். அது பறந்துபோய் மேல விசிறியில மாட்டினா வண்டியே விழுந்துடும். ஒண்ணும் இருக்கக் கூடாது மேல."

ஹெலிகாப்டர்காரன் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். எத்தனை இடத்தில் இறங்கும் முன் ஆள் விட்டுத் துணி, சாக்கு, தகரம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருக்கிறேன். அண்ணன் எழுந்து தார்ப்பாயை உருவிப் போட்டார். அது ஓடையோடு போனதைப் பார்த்தேன். சட்டையோடு மழையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்பு. மேகம் ஏறும், நான் போன் போடுவேன், அவன் கிளப்பத் தயாராவான், மேகம் இறங்கிவிடும். ஒரு தடவை கிளம்பியே விட்டான். பாதி வழியில் மழைக்குள் கண் தெரியாமல் திரும்பிப் போனான். அவன்மேல் கோபம் வந்தது. அவன் இடத்தில் நானாக இருந்தாலும் திரும்பித்தான் போயிருப்பேன், அது தெரிந்தும் கோபம் வந்தது. மலையைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஊரே கும்பிடுகிற மலை. நான் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அதை அப்படிப் பேசியதில்லை.

அண்ணி மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

"தம்பி, கொட்டாய்க் கதவு மூழ்கிடுச்சிங்க."

"மேகம் கொஞ்சம் ஏறியிருக்கு அண்ணி."

"ஜன்னல் தெரியலைங்க."

"அவன் ரெடியா இருக்கான் அண்ணி. பாதி மலை தெரிஞ்சா போதும்."

அண்ணன் அப்புறம் இரண்டு தடவை பேசினார். முதல் தடவை பல் கிட்டித்துப் பேசினார். இரண்டாவது தடவை மெதுவாக, வார்த்தை குழறி, "தூக்கம் வருதுடா" என்றார். தூங்காதே என்று கத்தினேன். அதோடு அவர் போன் நின்றுவிட்டது.

அப்போதும் நான் திரும்பி மலையைத்தான் பார்த்தேன். அண்ணி வந்து மலையை மறைத்துக்கொண்டு என் எதிரே நின்றார். எனக்கும் அவருக்கும் பேச்சு எப்போதும் ஒரு எல்லைக்குள்தான் இருக்கும். அன்றைக்குத்தான் குரல் உயர்ந்தது.

"காலையிலர்ந்து மேலயே பாத்துக்கினு கீறீங்களே தம்பி. அவரு கீழ கீறாரு. கீழ பாருங்க."

பார்த்தேன். ஓடை என்று ஒன்று இல்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்து அந்தப் பக்கத்துக் கரும்பு வரை செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கொட்டாயின் தளம் மட்டும் ஒரு பலகை மாதிரி மிதப்பது போல இருந்தது. அதன் மேல் அண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். காலையில் இடுப்பளவு இருந்த தண்ணீர். என் போனில் அன்று நான் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மலை இருக்கிறது. ஒன்றில்கூட ஓடை இல்லை.

பக்கத்து வீட்டுப் பாய் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். போனை வீட்டிலேயே போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன். மோட்டாரைக் குழிக்குள் கட்டி இறக்குகிற நைலான் கயிறு வேண்டும் என்றேன். அவர் கயிற்றோடு ஒரு டிராக்டர் ட்யூபையும் காற்றடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவில் இருந்த ஆம்பளைகளையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். இறுகாத, அவிழாத முடிச்சு ஒன்று இருக்கிறது. ஆற்றைத் தாண்டுகிற பயிற்சியில் இருட்டில், ஒற்றைக் கையில், அதைப் போட்டுக்காட்டியவன் நான். கை வரவில்லை. கயிறு வளைந்தது, நுழைந்தது, உருவிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி உருவிக்கொண்டு வந்தது. மெஷினைக் கிளப்பும் முன் பார்க்க வேண்டியதையெல்லாம் அந்த நிமிஷம் கேட்டிருந்தால் ஒன்று விடாமல் ஒப்பித்திருப்பேன். ஒரு முடிச்சு வரவில்லை. என் கையை நானே வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலியில் பறப்பது போல, பயிற்சி நாளில் நின்ற இடத்தை, தோளில் உறுத்திய பையை, பக்கத்தில் நின்றவனின் வியர்வை நாற்றத்தை நினைத்துக்கொண்டேன். விரல்கள் தாமாகப் போட்டுவிட்டன.

நேராக இறங்கினேன். அதுவும் தப்பு. ஓடும் தண்ணீரில் மேலிருந்து இறங்கிச் சாய்வாகத்தான் போக வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். தண்ணீர் என்னை வேலிமுள்ளில் கொண்டுபோய் அடித்தது. பாயும் மற்றவர்களும் இழுத்துக் கரையில் போட்டார்கள். வாயெல்லாம் மண். எழுந்து கயிற்றை இழுத்துக்கொண்டு தண்ணீர் வரும் பக்கமாகப் புளியமரம் வரை ஓடி அங்கிருந்து இறங்கினேன். இந்தத் தடவை தண்ணீர் இழுத்த போக்கிலேயே ட்யூபைப் பிடித்துக்கொண்டு போய்த் தளத்தின் விளிம்பைத் தொட்டேன்.

அண்ணன் நடுங்கவில்லை. குளிரில் நடுக்கம் இருக்கிற வரை பரவாயில்லை, நின்றுவிட்டால் ஆபத்து என்று பனிமலையில் என் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உதடு நீலமாக இருந்தது. கன்னத்தில் தட்டினேன். கண்ணைத் திறந்தார்.

"வண்டி இன்னாடா ஆச்சி?"

"நடராஜா சர்வீஸ்ணா."

வாய் கோணிச் சிரித்தார். "நீ நகராதன்னு சொன்ன. நகரல" என்றார்.

தண்ணீர் தளத்தின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. இருப்பதா, போவதா என்று ஒரு நொடி நினைத்தேன். இப்போது நான் சிப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரை ட்யூபில் கட்டினேன். கையைத் தூக்கிக் காட்டினேன். பாய் பக்கத்திலிருந்து கயிறு இறுகியது.

பாதி தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில், மேகத்துக்கு அந்தப் பக்கம், எனக்குத் தாலாட்டு மாதிரிப் பழகிய சத்தம். என் தலை தானாக மேலே போனது. அண்ணனுடைய சில்லிட்ட கை என் தாடையைப் பிடித்துத் திருப்பியது.

"மேல பாக்காத. தண்ணியப் பாரு."

திருப்பிய பக்கத்தில் ஒரு தென்னங்கட்டை வந்துகொண்டிருந்தது. காலால் உதைத்து விலகினேன். கயிறு எங்களைக் கரைக்கு இழுத்தது.

டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி அவரைப் படுக்க வைத்தோம். ஈரத்தைக் கழற்றிவிட்டு அண்ணி தன் புடவைகளையும் போர்வைகளையும் சுற்றினார். சர்க்கரையை உதட்டில் தடவினேன். ரோடு அறுந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வயல் வரப்பு வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணியின் மடியில் அவர் தலை. நான் மார்பில் கை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன். செங்கம் ரோடு ஏறும் முன் மூச்சு நின்றது. இரண்டு கையாலும் மார்பை அழுத்தத் தொடங்கினேன். பாய் என் தோளைப் பிடித்து, "போதும் சார்" என்ற பிறகும் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது மேகம் விலகியது. பாதிக்கு மேல் மலை தெரிந்தது. மெஷின் தாழப் பறந்து எங்களைத் தாண்டி எங்கள் நிலத்தின் பக்கம் போனது. ரோட்டோரம் காபிக் கடைகளில் ஒதுங்கியிருந்தவர்கள், ஆசிரமங்களுக்கு வந்த வெள்ளைக்காரர்கள்கூட, வெளியே ஓடிவந்து கையாட்டினார்கள். அண்ணி நிமிரவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆனால் காது இருக்கிறதே. அது கொட்டாய்க்கு மேலே நின்றது, சுற்றியது, மறுபடி நின்றது எல்லாம் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அன்று மாலை அவன் போன் செய்தான். அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

"நீ சொன்ன இடத்துக்கு வந்தேன். தளம் தெரிந்தது, தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஏறியிருந்தது. ஆளைக் காணோம். மேலே டாக்டர், கம்பளி எல்லாம் வைத்திருந்தேன். ஏன் நகர்த்தினாய்?" என்று கேட்டான்.

காலையில் இறங்கி வா என்று சொல்லியிருந்தால் மாடுகளோடு வந்திருப்பார். இல்லை, மதியம் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கயிற்றில் தூக்கிக் கம்பளியில் சுற்றி ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கியிருப்பான். சிப்பாயாக இருக்க வேண்டிய நேரத்தில் பைலட்டாக இருந்தேன். பைலட்டாக இருக்க வேண்டிய நேரத்தில் சிப்பாயாகிவிட்டேன். இப்படியும் இல்லாமல் இருக்கலாம். காலையில் ஓடை அவரைக் கொண்டுபோயிருக்கலாம், மதியம் அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் உடம்பு தாங்காமல் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் இருக்கப் போகிறேன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார்.

"அன்னிக்குக் காலையில போன்ல இன்னா சொன்னீங்க தம்பி அவருகிட்ட?"

சொன்னேன். இரு, நகராதே என்று சொன்னதையும், தார்ப்பாயை வீசச் சொன்னதையும் சொன்னேன். அவர் திட்டுவார், திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"நான் எத்தினி சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றார். பிறகு அடுத்த மாட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

லீவு முடிந்து திரும்பினேன். பரீட்சையைத் தள்ளிப்போட்டுத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். சிப்பாய்ப் பரீட்சையில் ஓடினேன், கயிறு ஏறினேன், சுட்டேன், தேறிவிட்டேன். பறக்கும் பரீட்சையில் இன்ஜின் நின்றதாகப் பாவித்து இறக்கினேன். கை ஆடவில்லை. பிறகு மேஜைக்கு எதிரே உட்கார்ந்தேன். பரீட்சை வைத்தவர் நல்ல மனிதர். வேறு ஊர்க்காரர், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. டீ வரவழைத்துக் கொடுத்தார். எளிமையான கேள்வியோடு தொடங்கலாம் என்றார். மெஷின் கீழே விழுந்துவிட்டது, சுற்றிலும் தண்ணீர், கூட இருப்பவருக்கு உயிர் இருக்கிறது, உதவிக்குக் கூப்பிடப் போன் வேலை செய்கிறது. அவரிடம் என்ன சொல்வாய்?

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்வேன் சார். நகரக் கூடாது என்பேன்."

"சரி" என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.